தூபக்கால் மூடியில் ஒரு சிங்கம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

பத்து நாள் முன்பு, 2003-ஆம் வருஷம் என்னிடம் பத்தாவது படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். ஒசூரில் வேலை. கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியிருக்கிறது. திரும்பும்போது கியோட்டோ நகரில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில், "எங்க வரலாறு சாருக்கு" என்று ஒரு பொருள் வாங்கி, நாலு சுற்று செய்தித்தாள் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பீங்கான் சாமான். மூன்று கால். இரண்டு பக்கமும் காது மாதிரி கைப்பிடி. கவிழ்த்த கிண்ணம் போல மூடி, அதில் துளைகள். மூடியின் உச்சியில் ஒரு குட்டிச் சிங்கம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"சார், இது நம்ம தூபக்கால்தானே? முன்னூறு வருஷப் பழசுன்னு கடைக்காரர் சொன்னார்."

தூபக்கால்தான். ஜப்பானில் இதற்குக் 'கோரோ' என்று பெயர். 'கோ' என்றால் மணம், 'ரோ' என்றால் அடுப்பு. மண அடுப்பு. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுகிற மண் தூபக்காலுக்கும் இதற்கும் வேலை ஒன்றே. முன்னூறு வருஷம் என்பதைத்தான் சரிபார்க்க வேண்டியிருந்தது. பழைய பொருள் கையில் கிடைத்தால் முதலில் அடியைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு நாணயப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். கவிழ்த்துப் பார்த்தேன். சிவப்பில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சிலுவை மாதிரி ஒரு கூட்டல் குறி. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'மேட் இன் ஜப்பான்'.

முன்னூறு வருஷத்துக்கு முன்பு ஜப்பான்காரர் ஏன் தன் சாமானுக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுதப்போகிறார்? 1890-இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. மறுவருஷத்திலிருந்து அங்கே இறக்குமதியாகும் சாமான்களில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். ஜப்பானியர் முதலில் தங்கள் மொழியில் நாட்டின் பெயர் என்னவோ அதையே, 'நிப்பான்' என்று எழுதினார்கள். 1921-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அது செல்லாது, 'ஜப்பான்' என்றே போடு என்றது. ஆகவே நம் சிங்கம் பெரும்பாலும் 1921-க்குப் பிறகு பிறந்தது. நூறு வயது இருக்கலாம். முன்னூறுக்கு வழியே இல்லை. சொன்னதும் தம்பி முகம் வாடிவிட்டது. "அடேய், நூறு வயசுன்னா என் அப்பாவோட வயசுடா. அது போதும்" என்று சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

அவன் போன பிறகு அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் வரைந்திருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. நம் ஊறுகாய் ஜாடியின் கீழ்ப்பாதி நிறம், அதாவது பாலாடை நிறம். அதன் மேல் மெல்லிய வெடிப்புகள் வலை போல ஓடுகின்றன. விரிசல் என்று பயந்துவிடாதீர்கள். மண்ணைச் சுட்டு, அதன்மேல் கண்ணாடிப் பூச்சு பூசி மறுபடி சுடுகிறார்கள். ஆறும்போது மண் சுருங்குவதைவிடப் பூச்சு கூடுதலாகச் சுருங்கும். சுருங்க இடமில்லாமல் பூச்சு மட்டும் நுண்ணிய துண்டுகளாக வெடிக்கும். சாதாரணக் குயவருக்கு அது குறை. இவர்கள் அதை வேண்டும் என்றே வரவைத்தார்கள். வெடித்த பூச்சின் மேல் வண்ணங்களால் வரைந்து, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டு, கடைசியில் தங்கம் தீட்டி இன்னொரு முறை சுடுவார்கள். இந்த வகைக்குச் 'சத்சுமா' என்று பெயர். ஜப்பானின் தெற்கு மூலையில், இன்றைய ககோஷிமா பகுதியில் இருந்த சிற்றரசு அது. அடியில் இருந்த வட்டமும் கூட்டல் குறியும் சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் முத்திரை. ஆனால் முத்திரையை நம்பி ஏமாறக் கூடாது. பின்னாளில் கியோட்டோவிலும் ஒசாகாவிலும் யோகோஹாமாவிலும் செய்த சரக்குக்கும் இதே முத்திரையைப் போட்டார்கள். நம் ஊர் பட்டுச்சேலைக்குக் காஞ்சிபுரம் பெயர் போடுவது போல.

சிங்கத்துக்கு வருவோம். ஜப்பானில் சிங்கம் கிடையாது. சீனாவிலும் கிடையாது. பார்க்காத மிருகத்தைப் பௌத்தம் இந்தியாவிலிருந்து கொண்டுபோனது. அதனால்தான் அதன் பிடரி சுருள் சுருளாக, கண் பிதுங்கி, ஒரு பாதி நாய் மாதிரி இருக்கிறது. நம் கோயில் தூண் யாளியின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் இவை ஜோடியாக நிற்கும். ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். திறந்த வாய் 'அ' என்கிறது, மூடிய வாய் 'ம்' என்கிறது. நம் ஓங்காரத்தின் முதலும் முடிவும். இதை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

முன்பக்கம் தங்க ஒளிவட்டத்தோடு நாலைந்து மொட்டைத் தலைச் சாமியார்கள். அவர்களைச் சுற்றி ஒரு நாகம். இவர்கள் 'ரக்கன்'கள். சமஸ்கிருதத்தில் அர்ஹத், சீனம் போய் லோகன், ஜப்பான் போய் ரக்கன். தமிழில் அதே சொல்தான் அருகன். நொளம்பர் காலத்தில் நம் தகடூரில் சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பள்ளியில் வணங்கப்பட்ட பெயரும் இந்த அமெரிக்கச் சரக்கில் தங்கக் குஞ்சம் கட்டி உட்கார்ந்திருப்பவரின் பெயரும் ஒரே வேரில் வந்தவை.

பின்பக்கம் சாமந்திப் பூக்கள், இடைவெளியே விடாமல். பதினாறு இதழ்ச் சாமந்தி அரச குடும்பத்துச் சின்னம். ஆனால் இங்கே பூ அள்ளித் தெளித்திருப்பது அதற்காக இல்லை. வாங்குகிறவனுக்கு அப்படி நிறைந்திருந்தால்தான் பிடிக்கும். 1867 பாரீஸ் கண்காட்சியில் சத்சுமா தன் சரக்கைத் தனியாகவே வைத்துக் காட்டியது. 1873 வியன்னா கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் அதற்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதே சமயத்தில், 1871-இல், ஜப்பானில் சிற்றரசுகளை ஒழித்துவிட்டார்கள். இதுவரை சோறு போட்ட பிரபுக்கள் போனார்கள். சூளை அணையாமல் இருக்க வெளிநாட்டான்தான் வழி. அவனுக்குப் பிடித்த மாதிரி போர்வீரன், கிமோனோப் பெண், நாகம், ஆயிரம் பூ, ஆயிரம் பட்டாம்பூச்சி என்று இண்டு இடுக்கு விடாமல் நிரப்பினார்கள். ஜப்பானியர்களே அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒசாகாவில் யாபு மெய்சான் (1853–1934) என்பவர் போல, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி நுணுக்கமாகச் செய்தவர்களும் உண்டு. நம் சிங்கம் அந்த ரகம் இல்லை, சந்தை ரகம். உள்ளே எட்டிப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. சாம்பல் படிந்த தடம் ஒன்றும் இல்லை. நூறு வருஷத்தில் இதில் யாரும் ஒரு கங்கு போட்டதில்லை. எவர் வீட்டு அலமாரியிலோ அழகுக்கு நின்றிருக்கிறது.

(அதே காலத்தில் ஜப்பான் பீங்கான் நம் பக்கமும் வந்தது. காரைக்குடி பக்கம் செட்டியார் வீடுகளில் சுவரில் பதித்திருக்கும் பூப்போட்ட ஜப்பான் டைல்ஸைப் பார்த்திருப்பீர்கள். ஹைதராபாத் போகிறவர்கள் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பான் பிரிவைத் தவறவிடாதீர்கள். சத்சுமா சரக்கு அங்கே இருக்கிறது.)

இனி, இதைச் செய்தவர்கள் யார் என்பது. இதைத்தான் நான் உங்களுக்குப் பாடத்தில் சொல்லாமல் விட்டது. பாடப்புத்தகத்தில் இல்லை, எனக்கும் அப்போது தெரியாது.

1592-இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாவின் மேல் படையெடுத்தார். 1597-இல் மறுபடியும். 1598-இல் அவர் இறந்ததும் படை திரும்பியது. திரும்பிய பிரபுக்கள் கொள்ளையோடு குயவர்களையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தேநீர்ச் சடங்குப் பித்து அவர்களுக்கு. கொரியக் கிண்ணத்துக்கு உயிரை விடுவார்கள். அந்தப் போருக்கே 'மண்பாண்டப் போர்' என்று ஜப்பானில் ஒரு பெயர் உண்டு. ஆரிதா ஊரில் வெள்ளைப் பீங்கான் மண்ணைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இ சாம்பியோங் இப்படி வந்த கொரியர்தான். 1616 என்று அந்த ஊர் கணக்கு வைத்திருக்கிறது. சத்சுமாவின் ஷிமாசு யோஷிஹிரோவும் குயவர் குடும்பங்களைக் கொண்டுவந்தார். அவர்கள் முதலில் செய்த சில கிண்ணங்களுக்கு 'ஹிபாகாரி' என்று பெயர். 'நெருப்பு மட்டும்' என்று அர்த்தம். மண் கொரியாவிலிருந்து வந்தது, பூச்சு கொரியாவிலிருந்து வந்தது, கை கொரியருடையது. ஜப்பானுடையது சூளையில் வைத்த நெருப்பு மட்டும்.

ஒரே ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

அவர்களை நாயேஷிரோகாவா என்ற ஊரில் குடியமர்த்தினார்கள். ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள விடவில்லை. கொரிய உடை, கொரியப் பெயர், கொரிய மொழி அப்படியே இருக்க வேண்டும் என்று சிற்றரசு சொன்னது. அன்பினால் இல்லை. தன் கையில் வெளிநாட்டுக் குயவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவதில் ஒரு பெருமை. அந்த ஊரின் சிம் குடும்பம், ஜப்பானிய உச்சரிப்பில் 'சின் ஜுகான்', இன்றும் அங்கேயே சூளை நடத்துகிறது. 12-ஆம் ஜுகான் செய்த ஜாடிகள்தான் 1873 வியன்னாவில் பேர் வாங்கின. இப்போது நடத்துகிறவர் 15-ஆம் தலைமுறை. நானூறு வருஷத்துக்கு மேல்.

சரி. தூபக்காலுக்குள் போடுவது என்ன? அதைச் சொல்லாமல் தூபக்கால் பற்றி எழுதி என்ன பயன்.

ஜப்பானின் பழைய வரலாற்று நூல் நிஹோன் ஷோகியில் ஒரு குறிப்பு இருக்கிறது. 595-இல் அவாஜி தீவின் கரையில் ஒரு பெரிய கட்டை ஒதுங்கியது. ஊர்க்காரர்கள் விறகு என்று அடுப்பில் வைத்தார்கள். புகை ஊரெல்லாம் மணத்தது. பயந்துபோய் எடுத்துக்கொண்டு போய் அரசிக்குக் கொடுத்தார்கள். அது அகில் கட்டை. நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த சரக்குகளில் சந்தனத்தோடு சேர்த்துச் சொல்கிறதே, அதே அகில். நாரா நகரத்துக் கருவூலத்தில் 'ரஞ்சதாய்' என்று ஓர் அகில் கட்டை இருக்கிறது. 156 சென்டிமீட்டர் நீளம், 11.6 கிலோ. அதிலிருந்து ஒரு சில்லு வெட்டிக்கொள்வது பேரரசர்களுக்கே அரிது. 1574-இல் ஓடா நோபுநாகா வெட்டினார், 1877-இல் மெய்ஜி பேரரசர் வெட்டினார். எங்கே யார் வெட்டியது என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

15-ஆம் நூற்றாண்டில் இதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். அதற்கான தூபக்கால் நம் சிங்கத்தைப் போல ஆடம்பரமாக இருக்காது. மூடி இல்லாத சின்னக் கோப்பை. அதில் பொடித்த சாம்பல். சாம்பலுக்குள் ஒரு கரிக் கங்கைப் புதைத்து, மேலே கோபுரமாகக் குவித்து, உச்சியில் ஒரு துளை. துளைமேல் காக்காய்ப்பொன் தகடு. தகட்டின் மேல் நெல்லளவு மரச் சில்லு. புகையே வராது. சூட்டில் மணம் மட்டும் கிளம்பும். கோப்பையைக் கையில் ஏந்தி, மறு கையால் மூடி, மூன்று முறை முகர்ந்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். முகர்வது என்று சொல்ல மாட்டார்கள். மணத்தைக் 'கேட்பது' என்பார்கள்.

கணக்கு ஆசிரியர் ஆகியிருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு செய்தி. 'கெஞ்சிகோ' என்று ஒரு விளையாட்டு உண்டு. ஐந்து முறை கோப்பை சுற்றி வரும். எது எதெல்லாம் ஒரே மணம் என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் ஐந்து கோடு செங்குத்தாகப் போட்டு, ஒரே மணம் உள்ளவற்றை மேலே இணைக்க வேண்டும். மொத்தம் எத்தனை வடிவம் வரும்? ஐந்து பொருளை எத்தனை விதமாகக் குழு பிரிக்கலாம் என்ற கேள்விதான். 52. கெஞ்சிக் கதை என்ற ஆயிரம் வருஷப் பழைய நாவலில் 54 அத்தியாயம். முதலையும் கடைசியையும் விட்டுவிட்டு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அத்தியாயத்தின் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கோட்டு வடிவங்களைத் தூபக்காலிலும் துணியிலும் அலங்காரமாக வரைவது உண்டு. பார்த்தால் ஏதோ வேலி மாதிரி இருக்கும்.

அலங்காரத்தில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. 17-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் நோனோமுரா நின்செய் செய்த தூபக்கால். ஆள் உட்கார்ந்து பார்க்கிற அளவில் ஒரு ஆண் காட்டுக்கோழி, வால் நீட்டி. மேல் பாதிதான் மூடி. உள்ளே மணம் போட்டால் கோழியின் முதுகில் உள்ள துளைகள் வழியாகப் புகை வரும். கனசாவா நகர அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். படம் போன வாரம் பேத்தி காட்டினாள். "தாத்தா, இது பிரியாணிப் பாத்திரமா?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மணம் கேட்டுப் பார்த்தோம். அதற்கு முன் ஒரு விபத்து நடக்க இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா தேங்காய் ஓட்டுக் கங்கை இடுக்கியில் எடுத்துக்கொண்டு சிங்கத்தை நோக்கி வந்துவிட்டார். நான் கத்தினேன். மெல்லிய பூச்சு, திடீர்ச் சூடு பட்டால் தெறித்துவிடும். அடியில் சாம்பல் மெத்தை இல்லாமல் இதில் நெருப்பு வைக்கக் கூடாது. "அப்புறம் இது என்ன தூபக்கால்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆகவே சிங்கத்தை அலமாரியில் ஏற்றிவிட்டு, ஒரு மண் டீக் கோப்பையில் சாம்பலைச் சலித்துப் போட்டோம். காக்காய்ப்பொன் தகட்டுக்குப் பழைய இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கிறவரிடம் போனேன். சும்மாவே கொடுத்தார். மரத்துக்கு, அம்மா சந்தனக்கல்லில் அரைத்துத் தேய்ந்த கட்டையின் மிச்சம் வீட்டில் இருந்தது. பேனாக்கத்தியால் ஒரு சீவல். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பேத்தி எழுந்து போய்விட்டாள். பிறகு வந்தது. அரைத்த சந்தனத்தின் குளிர்ந்த வாசம் இல்லை. இது வேறு, கொஞ்சம் பால் காய்ச்சிய மணம் போல. அம்மா ஞாபகம் வந்தது.

ஜப்பானில் சந்தனத்துக்குப் 'பியாகுதன்' என்றும் பழைய பெயராகச் 'செண்டான்' என்றும் சொல்வார்கள். செண்டான் நம் சந்தனம்தான், உச்சரிப்பு மாறியிருக்கிறது. அங்கே ஒரு பழமொழி: செண்டான் இரட்டை இலையிலேயே மணக்கும். நம் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பதேதான். ஆனால் தாவரவியல் படி அது தப்பு. சந்தனக் கன்றின் இலையில் மணமே கிடையாது. வேரால் பக்கத்து மரத்தைப் பற்றிக்கொண்டு, பாதிச் சாப்பாட்டை அங்கிருந்து வாங்கி, இருபது முப்பது வருஷம் வளர்ந்து, நடுவில் வைரம் பாய்ந்த பிறகுதான் மணம் சேரும். முளையில் பார்த்து யாரையும் முடிவு கட்டக் கூடாது என்று நான் உங்களுக்குச் சொன்னதற்குச் சந்தனமே சாட்சி.

ஜப்பான் மணக்கலையில் மரங்களை ஆறு நாடுகளின் பெயரால் வகுப்பார்கள். அதில் 'மனபன்' என்பது மலபார் என்று கருதுகிறார்கள். சந்தனத்தில் அவர்களுக்கு உயர்வானது மைசூர்ப் பக்கத்து மரம். அதற்குத் தனிப் பெயரும் தனி விலையும் வைத்திருக்கிறார்கள். மைசூர்ப் பக்கம் என்பது எது? மைசூரின் மலைத்தொடர் மாநில எல்லைக் கோட்டோடு நின்றுவிடாது. தேன்கனிக்கோட்டை, ஜவ்வாது மலை, நம் சித்தேரி மலை எல்லாம் சந்தனம் விளைந்த காடுகள். 1792 வரை நம் பாராமகாலே திப்பு சுல்தானுடையது. அந்த வருஷம்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இது கம்பெனி கைக்கு வந்தது. மன்றோ தருமபுரியில் வந்து உட்கார்ந்து நிலவரி கணக்குப் போட்டார். அதே 1792-இல்தான் திப்பு சந்தனத்தை 'ராஜ மரம்' என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். அரசன் போனான், சட்டம் நின்றது. உன் பட்டாவில் தானாக முளைத்தாலும் மரம் சர்க்காருடையது. தமிழ்நாட்டில் 2002 வரை இதுதான் நிலை. வெட்டிய கட்டை திருப்பத்தூர் சந்தனக் கிடங்குக்குப் போய் ஏலமாகும். மலைக்காரனுக்கு அந்த மரத்தால் கிடைத்தது சந்தேகம் மட்டும்தான்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அடித்து இழுத்துப் போனார்கள். வீடுகளை உடைத்தார்கள். இது யாரோ சொன்ன கதை இல்லை. நீதிமன்ற உத்தரவின் பேரில் சிபிஐ விசாரித்தது. 2011 செப்டம்பர் 29 அன்று நம் தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்.

அப்போது நான் அரூர் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து சில வாரம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு என் வகுப்பு. மலையடிவார ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள் சிலர் திங்கட்கிழமை வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தேன். ஆசிரியர் அறையில் அரைகுறையாகப் பேசிக்கொண்டார்கள். "நமக்கு ஏன் சார்" என்று ஒருவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். யார் வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை. அந்த வாரம் நான் நடத்திய பாடம் அக்பரின் நிர்வாகம் என்பது இன்னும் நினைவிருக்கிறது. மன்சப்தாரி முறை. நன்றாக நடத்தினேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சில பிள்ளைகள் மாதக் கணக்கில் கழித்து வந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "காய்ச்சல் சார்" என்றார்கள். எல்லோருக்கும் காய்ச்சல். அதையும் நான் எழுதிக்கொண்டேன். இரண்டு பெண் பிள்ளைகள் வரவே இல்லை. செப்டம்பரில் அவர்கள் பெயரை நீக்கினேன். சிவப்பு மையால் கோடு போட்டது என் கை.

தூபக்காலைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை ஏன் எழுதுகிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீவல் மணக்கத் தொடங்கியபோது, ஏந்திய கோப்பையை நான் அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. டீச்சரம்மா கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அதனால்தான்.

சிங்கம் இப்போது முன்னறை அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலைகளில் வரலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மூடியைச் சிங்கத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது ஒட்டு வைத்த பாகம். விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

1992-இல் அந்த எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கீழே எதுவும் எழுத வேண்டாம். போன் செய்யுங்கள். இல்லை, ஊர் பெயரை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். பெயர்கள் எனக்கு இன்னும் வரிசையாகத் தெரியும்.